பதினொன்றரை மணி காங்கிரீட்

அன்றைக்குச் சிங்கப்பூரில் காலை முதல் சாயங்காலம் வரை நடந்தவர்கள் இரண்டே பேர். இன்று நான் மாமா, அத்தை என்று கூப்பிடும் என் மாமனாரும் மாமியாரும். கூட இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவன் நான், அதே ஊரில் வேலைக்குப் போயிருந்தேன். இன்னொருத்தி இப்போது என் மனைவி, அப்போது கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் "என்ன ஆச்சு?" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த நாளின் மிச்சமாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு அவர்களுடைய காரமடை வீட்டுக் குளியலறை வாசலில் கிடக்கிறது.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு சிங்கப்பூரில் ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தேன். வெயில், ஹெல்மெட், மஞ்சள் மேல்சட்டை. மாமா காரமடைப் பக்கம் வாழையும் கறிவேப்பிலையும் போட்டிருப்பவர். எங்கள் விஷயத்தை வீட்டில் சொன்னபோது, என்னைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவதாக நினைத்து, "ஆபீஸ் வேலை, ஏசி ரூம்" என்று இவள் சேர்த்துச் சொல்லிவிட்டாள். மாமா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பழனியைத் தாண்டி ஊர் பார்க்கப் போயிராத அந்த மனிதர், இரண்டு மாதம் கழித்து, மூன்று நாள் பேக்கேஜில் சிங்கப்பூர் போவதாக அறிவித்தார்.

"அப்பா சும்மா எங்கயும் போக மாட்டாருங்க," என்றாள் இவள் போனில். "மாடு வாங்கறதுன்னாலும் சந்தைல பாக்க மாட்டாரு. மொத நாளே சொல்லாம கொள்ளாம அது கட்டியிருக்கற எடத்துக்குப் போயி நின்னு பாத்துட்டு வருவாரு."

"அப்ப நான் மாடா?"

"இப்போதைக்கு மாடுதானுங்க. ஆபீஸ்னே சொல்லுங்க. மாத்திச் சொல்லிப்போடாதீங்க."

மூன்றாம் நாள் அவர்களுக்கு நிகழ்ச்சி எதுவும் இல்லை. லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றேன். "லீவெல்லாம் எதுக்குங்க தம்பி? நாங்க நடந்தே சுத்திக்கறோம். சாயங்காலம் டிபனுக்குச் சேந்துக்கலாம்," என்றார் மாமா. அந்தக் குரலில் இருந்த மரியாதையை நான் நம்பவில்லை. எதற்காக என்னை விலக்குகிறார் என்று ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்த்தேன்.

அவர்கள் நடந்த கதையைப் பின்னால் துண்டு துண்டாகக் கேட்டேன். டாக்ஸி மீட்டர் மேல் மாமாவுக்கு நம்பிக்கையில்லை. ரயில் டிக்கெட் மெஷின் மேல் அதைவிட இல்லை: "காசு உள்ள போனப்புறம் அது என்ன பண்ணுதுன்னு யாரு கண்டா?" தங்கிய ஓட்டலில் இலவசமாகக் கொடுத்த வரைபடத்தைக்கூட வாங்க மறுத்திருக்கிறார், சும்மா கொடுக்கிறவன் ஏதாவது எதிர்பார்ப்பான். தண்ணீர் கக்கும் சிங்கச் சிலை முன்னால் அத்தை, "வாயில தண்ணி ஊத்தறதப் பாக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்க, "அதப் பாக்க வரல," என்றாராம் மாமா. சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. நான் இவளுக்கு எப்போதோ அனுப்பிய என் வேலை இடத்தின் முகவரி அதில் எழுதியிருந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு டிபன் ஓட்டலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நாள் முழுக்கச் சுற்றிய மனிதரின் போனில் நான்கே படங்கள். நான்கிலும் சிங்கம். கடைசிப் படம் காலை பத்து மணிக்கு எடுத்தது. அதற்கப்புறம் எட்டரை மணி நேரம் எங்கே போனார்கள்? அத்தையின் காலில் விலைச்சீட்டின் பசை போகாத நீலச் செருப்பு. "நடந்து நடந்து பழசு வார் அறுந்துபோச்சுங்க தம்பி," என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "இத உங்க காலுக்குப் பக்கமா வெச்சுக்கறீங்களா? இங்க எடமில்லீங்க."

குனிந்து வைத்தபோது பார்த்தேன். கண்ணாடி போன்ற பை. உள்ளே பழைய செருப்பின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது சேறு இல்லை, காங்கிரீட். அன்று காலை பதினொன்றரைக்கு வந்த காங்கிரீட் லாரியில், கலவையின் வலு குறையும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்திருந்தார்கள் என்று நான் கத்தித் திருப்பி அனுப்பியிருந்தேன். டிரைவர் கோபத்தில் வேகமாகத் திருப்பியபோது கலவை கேட்டுக்கு வெளியே நடைபாதையில் கொட்டியது. அதற்காக மேலதிகாரியிடம் திட்டும் வாங்கியிருந்தேன். ஊரைச் சுற்றிப் பார்த்த கால் வேறு எங்கும் அதை மிதித்திருக்க முடியாது.

நான் நிமிர்வதற்கும் மாமா கேட்பதற்கும் சரியாக இருந்தது. "ஏனுங்க தம்பி, ஆபீஸ்ல ஏசியெல்லாம் நல்லா வேல செய்யுதுங்களா?"

"ஆபீஸ் இல்லீங்க," என்றேன். "சைட்டுங்க. வெயில்ல நிக்கற வேலைங்க. உங்க பொண்ணு கொஞ்சம் கூட்டிச் சொல்லிருச்சுங்க. நானும் திருத்தாம உட்டுட்டனுங்க."

மாமா தோசையைப் பிய்க்காமல் என்னையே பார்த்தார். "பகல்ல பாத்தமுங்க," என்றார். "அந்த லாரிய எதுக்குத் தொரத்துனீங்க?" சொன்னேன். "அப்ப நீங்களும் யாரையும் நம்ப மாட்டீங்க," என்று சிரித்துவிட்டு, இன்னொரு தோசை சொன்னார். ஊருக்குத் திரும்பிய வாரமே என் அப்பாவைப் பார்க்க ஆள் அனுப்பினார்.

இன்றுவரை சொந்தக்காரர்களிடம் அவர் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "மாப்ள பொய் சொல்ல மாட்டாப்ல. சொல்றதுக்கு எடமிருந்தும் சொல்லல." நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பையைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஏசி குளிர் தாங்கவில்லை என்றுகூடச் சொல்லியிருப்பேன். நான் படித்த படிப்பு எனக்குக் கொடுத்தது நேர்மையை இல்லை. காய்ந்த காங்கிரீட்டை அடையாளம் காணும் கண்ணை. இதை மாமாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

போன பொங்கலுக்குக் காரமடை போயிருந்தேன். தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் அத்தை கழற்றி விட்டிருந்த செருப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். அதே பழைய ஜோடி. குதிகால் ஓரத்தில் சாம்பல் கோடு இன்னும் போகவில்லை. கையில் எடுத்துத் திருப்பினேன். வார் அறுந்த தடமில்லை, தைத்த நூலில்லை. அது அறுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று ஓட்டலில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. இவள் வந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி. பையை வைக்க அதில் வேண்டிய மட்டும் இடமிருந்தது.

அத்தை கறிவேப்பிலைக் கட்டோடு வந்தார். என் கையில் செருப்பைப் பார்த்தார்.

"அத்தை, இது அறுந்தே போகலீங்களே," என்றேன். "அப்புறம் அன்னைக்குப் புதுசு எதுக்குங்க வாங்குனீங்க?"

மாமா வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போயிருந்தார். அவர் காதில் விழாத தூரம்தானா என்று அத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். செருப்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டுக் காலை நுழைத்தார்.

"அன்னிக்குப் பூரா உங்க மாமா ஒத்தப் பைசா எடுக்க உடலீங்க மாப்ள. தண்ணிகூடத் தங்குன ஓட்டல்ல புடிச்சுட்டுத்தான் போனோம். பழசக் கழட்டிப் பையில போடறதுக்காக நானாக் கேட்டு வாங்குனது அது ஒண்ணுதானுங்க. பன்னெண்டு டாலர் தொண்ணூறு காசு."