லைசென்ஸில் நான் வாசிக்காத வரி

என் கணவருக்குக் கேரளத்தில் ஏலக்காய்த் தோட்டத்து மேஸ்திரி வேலை. நானும் கைக்குழந்தையும் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறோம். தோட்டத்து விலாசத்தைக் காட்டி லைசென்ஸ் எடுத்து, அவர் அங்கே ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தார்.

போன வருடம் எங்கள் சோளத்தைக் காட்டுப்பன்றிகள் அழித்தன. லீவில் வந்தவர், ஆங்கிலம் தெரியாததால் லைசென்ஸை என்னிடம் நீட்டி, "துப்பாக்கிய இங்கன கொண்டாரலாமா, பாரு" என்றார். பெயரும் தேதியும் சரியாக இருந்தன. "தாராளமாக் கொண்டாங்க" என்றேன்.

அடுத்த லீவில் கொண்டுவந்தார். யாரோ தகவல் சொல்லி, மறுநாளே போலீஸ் வந்தது. நான் வாசித்துச் சொன்னதைக் கணவர் சொல்ல, ஏட்டு லைசென்ஸை என் கையிலேயே கொடுத்தார்.

"படிச்ச பொம்பளதான? கடைசி வரிய தெருவுக்கே கேக்குத மாதிரி வாசி."

கேரளத்துக்குள் மட்டுமே செல்லும் என்றிருந்தது. இடுப்பில் குழந்தை வீறிட்டது.

"இன்னொருக்க வாசி."

வாசித்தேன். என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"எம்புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பத்தான் பதினொண்ணு வரைக்கும் படிச்சியாட்டி?" என்றார் மாமியார்.

ஜாமீனில் வந்துவிட்டார். துப்பாக்கியும் போயிற்று, வேலையும் போயிற்று. இரண்டு மாநிலத்தில் இருந்து பிழைப்பவர்கள், இரண்டிலும் செல்லும்படி முன்பே எழுதி வாங்க வேண்டுமாம்.

இப்போது குழந்தையின் மருந்துச் சீட்டைக்கூடக் கடைசி வரி வரை மூன்று தடவை வாசிக்கிறேன். கோர்ட்டிலிருந்து வரும் காகிதங்களை மட்டும் அவர் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கொண்டுபோகிறார்.