நீல மீனில் ஓடிய சிவப்பு

பிலோமி மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டில் இருபது வருடம் கொழுந்து கிள்ளியவள். முட்டி தேய்ந்த பிறகு கணவன் ஆசீர்வாதத்தோடு மறையூருக்கு இறங்கி வந்தாள். அவன் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி நீல மயில் சிக்லிட் வளர்த்தான். ஆப்பிரிக்க ஏரி மீன். பதினோரு வருடமாக வேறு ரத்தம் சேராத வம்சம் என்று சொல்லும்போது அவன் குரலே மாறும். பெருமை அவனுக்கு, பாடு அவளுக்கு. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்தே அடைகாக்கும். பதினெட்டாம் நாள் அதன் தாடையை விரலால் திறந்து குஞ்சுகளைக் கொட்டவைப்பது பிலோமிதான்.

இந்த வருடம் உடுமலை வியாபாரி ஒருவர் மீன் பையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, உங்க சுத்தம் இதுதானுங்களா? நெஞ்சுல சிவப்பு ஓடுது பாருங்க. கலப்பு மீனுங்க இது."

தொட்டியில் வளர்ந்த இளம் ஆண்களிலும் பலவற்றில் அதே சிவப்பு. பக்கத்துத் தொட்டியில் சிவப்பு மயில் மீன்கள் இருந்தன. எந்த மயிலானாலும் பெண் மீன்கள் ஒரே சாம்பல் நிறம்தான். பார்த்துப் பிரிக்க முடியாது. மனைவிதான் பெண் மீன்களைத் தொட்டி மாற்றி விட்டுவிட்டாள் என்று ஆசீர்வாதம் அங்கேயே முடிவு கட்டினான்.

"நான் மாத்தலங்க."

"ஒன் கையாலதான கெட்டுச்சு? ஒன் கையாலயே முடி."

எது கலப்பு, எது சுத்தம் என்று தெரியாததால் தாய்களையும் குஞ்சுகளையும் சேர்த்தே ஒழிக்கச் சொன்னான். கடைசித் தொட்டியில் மீன் தின்னும் விரால்கள் கிடந்தன. எட்டு நாள், தினமும் காலையில் பிலோமி ஒவ்வொரு மீனாக அதில் போட்டாள். தீனி என்று நம்பி அவள் விரலைத் தேடி வந்தவைதான் முதலில் பிடிபட்டன. அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "பதினோரு வருசத்த ஒரு பொம்பள அழிச்சிட்டா." பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊரான கோவில்கடவில் அண்ணன் சுவக்கீன் வீட்டுக்குப் போனாள். கண்ணாடித் தொட்டியில் நீல ஆண்கள் சுற்றின, ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல்.

"எங்க வாங்குன?"

"ஒங்க வீட்டுலதான்."

போன வருடம் பிலோமியும் ஆசீர்வாதமும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது, மீன்களுக்குத் தீனி போட வீட்டுச் சாவி சுவக்கீனிடம் இருந்தது. நீலப் பெண்கள் மூன்றை எடுத்துக்கொண்டு, கடையில் வாங்கிய சிவப்பு மயில் பெண்கள் மூன்றை விட்டிருந்தான்.

"மாப்ள ஆண் மீனு குடுத்தாரு. பொட்டை கேட்டா குடுப்பாரா?"

"அந்தப் பழிய நான்ல சொமக்கேன்."

"புருசன்தான ஏசுனான், தானா அடங்கிரும். நீ வாயத் தொறந்தா எனக்கும் அவருக்கும் வெட்டுக்குத்து ஆயிரும்."

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீடு வந்தாள். பழைய சுத்த வம்சத்தில் மிச்சம் வைத்திருந்த ஒரே நீல ஆண் வெறும் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆசீர்வாதம் சவரம் செய்யாத முகத்தோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"பிலோமி, இந்தப் பக்கத்துல எங்கயாச்சும் சுத்தமான பொட்டை இருக்குமா? ஒண்ணு கெடச்சாப் போதும், திரும்ப ஆரம்பிச்சிருவேன்."

ஒரு சொல் சொன்னால் எழுந்து நின்றுவிடுவான். அவள் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"எங்க இருக்கும்? நான்தான் எல்லாத்தையும் கொன்னுட்டனே."

அந்த ஆண் மீன் மழைக்காலத்தில் செத்தது. ஆசீர்வாதம் தொட்டிகளை உடைத்துப் பீன்ஸ் போட்டுவிட்டான். பிலோமி மாதம் ஒருமுறை கோவில்கடவுக்குப் போய், நீல மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறாள்.