சிரட்டையில் ஓடிய கோச்சி

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால், கால்வாய்க் கரையில் ஒரு தனியார் காணி இருந்தது. அதைச் சுற்றிச் சின்னத் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஒரு குட்டி நீராவிக் கோச்சி ஓடும். கொதிகலனும் நிசம், புகையும் நிசம். காயப்போட்ட உடுப்பில் கரி படுகிறது என்று அம்மாமார் திட்டுவார்கள். எங்களுக்கு அது உயிர்.

ஒருநாள் காணிக்காரர், "இனி மூடப்போறன்" என்றார். "விறகு விக்கிற விலையில இதை எப்படி ஓட்டிறது? எரிக்க ஏதும் கிடைச்சா நான் ஏன் மூடுறன்?"

பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. நானும் கீழ்மாடித் தோழியும் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு சிரட்டை கேட்கக் கிளம்பிவிட்டோம். தேங்காய் துருவாத குசினி வெள்ளவத்தையில் ஏது? அவளுடைய வாப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து சாக்குச் சாக்காக வந்தது. வேல் விழாத் தேர் போன பிறகு, பஸ் ஓடும் காலி வீதியில் சிதறுதேங்காய் உடைத்துக் கிடந்த சிரட்டையையும் விடவில்லை. பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் துரத்தத் துரத்தப் பொறுக்கினோம்.

என் அப்பா நொத்தாரிசு. வீடு காணி கைமாறினால் உறுதி எழுதுவதுதான் தொழில். வெள்ளைச் சட்டை அழுக்காவதையும் பார்க்காமல் சாக்குகளைக் காரில் ஏற்றித் தந்தார். "விடாமச் சேருங்கோ பிள்ளையள்" என்றார். இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று தோழியிடம் நான் அளந்த அளப்பு கொஞ்சமில்லை.

சிரட்டை மலைபோலக் குவிந்ததும், ஒரு ஞாயிறு கோச்சியை ஓட்டினார்கள். அன்றைக்கு ஓடியதுபோல அது என்றைக்கும் ஓடியதில்லை. புதிதாக வந்திருந்த ஒரு கனவான் முன்பெட்டியில் ஏறிச் சுற்றினார், இறங்கி எங்கள் எல்லோருக்கும் சொக்லட் தந்தார். கோச்சி பிழைத்துவிட்டது என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினோம்.

அடுத்த ஞாயிறு கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே தண்டவாளத்தைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

காவல்காரர் மலைநாட்டுக்காரர். எங்களைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "எஞ்சின வித்துட்டாங்க பாப்பா. அன்னைக்கு வந்தாரே, அவரு ஹோட்டல் வாசல்ல வைக்கிறதுக்கு. காணியும் பிளாட் கட்டப் போயிருச்சு. உங்க அப்பாதானே எழுதிக் குடுத்தாரு, சொல்லலையா?"

தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியும்தானே?" என்றாள். இல்லை என்று அழுதேன், சத்தியம் பண்ணினேன். அவள் நம்பவில்லை. "எங்கட வாப்பாட கடைச் சிரட்டை எல்லாம் ஒங்கட வாப்பாட வேலைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அதன் பிறகு மாடிப்படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள்.

அப்பா ஒளிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "ஓடிக் காட்டினாத்தான் வாங்குவன் எண்டு அந்த மனிசன் நிண்டவர். நீங்களும் சந்தோசமாச் சேர்த்துக்கொண்டு இருந்தனீங்கள். ஏன் குழப்புவான் எண்டு விட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோச்சியை விற்றதைக்கூட மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு எங்களோடு சேர்ந்து சாக்குத் தூக்கினாரே, அதை எப்படி மன்னிப்பது?

தோழி கனடாவில் இருக்கிறாளாம். யாரோ சொல்லித்தான் தெரியும். அப்பா இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அந்தக் கோச்சியைக் கடைசி வரைக்கும் ஓட வைச்சது என்ர மகளும் அவவின்ர சிநேகிதியும்தான்" என்று பெருமையாகச் சொல்வார். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். அவர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.