வெள்ளைச் சட்டையில் ஒரு படம்

எங்கள் வீட்டில் அப்பாவின் நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பம் ஒன்று இருந்தது. புயலடித்த வருஷம் அரியாங்குப்பத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா பக்குவமாகத்தான் பிரித்தாள். மாப்பிள்ளையின் முகம் எதிர்ப்பக்கத்துக் குத்துவிளக்கோடு போய்விட்டது. மிஞ்சியது ரேஷன் கார்டுப் படம். அதில் அப்பாவை யாரோ மிரட்டி உட்காரவைத்ததுபோல் இருக்கும்.

இத்தனைக்கும் என் சித்தப்பா போட்டோகிராபர். உப்பளத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தில்தான் தம்பிக்கு முதல் கேமரா வந்தது என்று அம்மா சொல்வாள், அதையும் சித்தப்பா இல்லாத நேரம் பார்த்து. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். "ஒரு நாளு உக்கார வச்சு எடுக்கறேண்ணே" என்று சித்தப்பா வாரம் தவறாமல் சொல்வார். முகூர்த்த நாட்களில் அவருக்கு நேரமிருக்காது. மற்ற நாட்களில் அப்பாவுக்கு இருக்காது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் டவுனில் ஒரு திரைப்பட விழா நடந்தது. எங்கள் மூடிப்போன மில்லைப் பற்றி யாரோ எடுத்த ஒரு படத்தையும் அதில் போட்டார்கள். அந்தப் படத்தில் அப்பா கொஞ்ச நேரம் பேசியிருந்தார். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் பக்கம் அடுப்பு பற்றவைப்பார்கள் என்பதுபோல ஏதோ. விழாவுக்கு விருந்தினராக வரும் பெரிய நடிகர் அந்தப் படத்துத் தொழிலாளி ஒருவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பிரபலங்களைப் படமெடுக்கும் வேலை, எப்படியோ, சித்தப்பாவுக்குக் கிடைத்திருந்தது.

கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "அண்ணே, அவரு உன் தோள்ல கை போட்டு நிப்பாரு. எடுக்கறது யாரு? நானு! ஆல்பம் போனா போவுது, இத மாட்டு செவுத்துல."

அவர் போனதும் அப்பா அம்மாவிடம், "அந்த வெள்ளைச் சட்டைய இஸ்திரிக்குக் குடுத்து வை" என்றார்.

அது தீபாவளிக்கு எடுத்த சட்டை. பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு கிடந்தது. விழாவன்று அதையும் கரைவேட்டியையும் உடுத்தி, அம்மா சொன்னாளென்று முகத்தில் பவுடரும் பூசிக்கொண்டு அப்பா எங்களோடு பஸ்ஸில் நின்றபடியே வந்தார். உட்கார இடமிருந்தது. உட்கார்ந்தால் மடிப்புக் கலைந்துவிடும்.

கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் கட்டடம் ஒன்றில் விழா. வாசலில் சிவப்புக் கம்பளம், பின்னால் பெரிய பேனர், இருபுறமும் கேமராக்காரர்கள். எல்லாருக்கும் முன்னால் சித்தப்பா. நடிகரின் மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரா மில் தொழிலாளி?"

"ஆமா சார், எங்கண்ணன்தான்."

"பாத்தா கவுன்சிலர் மாதிரி இருக்காரேய்யா! சார் பக்கத்துல நின்னா இவருக்குத்தான் மாலை போடுவானுங்க."

மேனேஜர் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அப்பாவைக் கவுன்சிலர் என்று சொல்லிவிட்டார்களே என்ற பெருமையில் நானும் சிரித்தேன். பிறகு மேனேஜர் சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார். சித்தப்பா எங்களிடம் வந்தபோது அப்பாவைப் பார்க்காமல் கேமராவைத் திருகிக்கொண்டே பேசினார்.

"அண்ணே, சட்டைய மாத்திக்கணும்ணே."

"ஏன்டா?"

"வெள்ள எரிஞ்சுடும்ணே. அவரு கறுப்புக் கோட்டு போட்டு வராரு. ஃபிளாஷ் அடிச்சா உன் சட்ட மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது."

"இன்னாப்பா இது, இதுக்காவவே இஸ்திரி போட்டு…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அண்ணி, சும்மா இருங்க. இதெல்லாம் லைட்டிங் சமாச்சாரம்."

லைட் பிடிக்க வந்தவரின் காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கினார்கள். காலரில் கிரீஸ் கறை, அக்குளில் தையல் விட்டிருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று அப்பா மாற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டையை அம்மா மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டாள். கரைவேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டச் சொன்னார்கள். "செருப்பையும் உட்டுடுண்ணே" என்றார் சித்தப்பா. கறுப்புச் செருப்பு எப்படி எரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பவுடரை மட்டும் தோள்துண்டால் தானே துடைத்துக்கொண்டார்.

கார் வந்தது. நடிகர் இறங்கி நேராக அப்பாவிடம் வந்து தோளில் கை போட்டார். "உங்க படத்தப் பாத்துட்டு அழுதுட்டேன்யா" என்றார். படம் உள்ளே அப்போதுதான் முதல்முறையாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்களே இன்னும் பார்க்கவில்லை. கேமராக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். "சார், இந்தப் பக்கம்!" "பெரியவரே, சும்மா நிக்காதீங்க, கும்புடுங்க!" என்றது ஒரு குரல். அப்பாவுக்கு அப்போது ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவர் கைகூப்பினார். சித்தப்பாவின் ஃபிளாஷ் மின்னிக்கொண்டே இருந்தது.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனபோது விளக்கு போட்டிருந்தார்கள். படம் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் சிக்னல் அருகே வைத்த பேனரில் அந்தப் படம்தான். 'உழைப்பவன் தோளுக்கு உரிமையானவரே' என்று பெரிதாக எழுதியிருந்தது. மாடி உயரத்துக்கு அப்பா, கைகூப்பியபடி. வகுப்புப் பையன்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இது உங்கப்பனாடா? நடிகருகூட நின்னுருக்காருடா!" என்று ஒருவன் என்னைத் தொட்டுக்கூடப் பார்த்தான். அந்த நாட்களில் அப்பா சைக்கிளில் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். ஏனென்று கேட்டேன். "சிக்னல்ல ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்கு" என்றார். நம்பினேன்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமென்று என்னைச் சித்தப்பாவின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு அப்படியே வந்ததால் அப்பா அந்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். என்னை எடுத்து முடித்ததும் சித்தப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணே, உக்காருண்ணே. இன்னிக்கு உன்ன எடுத்துடறேன்."

அப்பா வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை.

"வேணாம்டா. வெள்ள எரிஞ்சுடும்."

சித்தப்பா குனிந்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா என் தோளை அழுத்தினாள். தெரிந்ததைச் சொல்லும் உற்சாகத்தில், "ஆமா சித்தப்பா, ஃபிளாஷ் அடிச்சா சட்ட மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது" என்றேன்.

எனக்கு எதிரே சுவர் முழுக்கச் சித்தப்பா எடுத்த மாப்பிள்ளைகள், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, ஒவ்வொரு முகமும் பளிச்சென்று. அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.