பால்மா டின்னில் போன சரக்குத்தூள்

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து பாரிஸுக்கு வசதியுள்ளவர்கள் ரயிலில் போனார்கள். அவசரக்காரர்கள் விமானத்தில் போனார்கள். எங்கள் சனம் பஸ்ஸில் போனது. விக்டோரியா கோச் ஸ்டேஷனில் காலை பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் யார் என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் முதுகில் ஒரு பையோடு நிற்பார்கள். நாங்கள் கயிறு கட்டிய பெட்டியும், வாய் மூடாத பைகளுமாக நிற்போம். பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

நானும் அந்த வரிசையில் அப்படித்தான் நின்றேன். பாரிஸில் என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை மூடிக் கிடந்த நேரம், அவரால் வர வழியில்லை. தங்கைக்கோ அகதி வழக்கு முடியவில்லை, பிரான்ஸை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. பிள்ளை பெற்றவளைப் போய்ப் பார்க்க எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். நானோ லண்டன் பிளேஸ்டோவில் இருந்துகொண்டு ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். லீவு என்பது குதிரைக்கொம்பு.

ஃபோன் கார்டைச் சுரண்டி அவளுக்கு அடித்தேன். பிள்ளை பால் குடிக்கிறதா, உனக்கு வலி எப்படி என்று எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்றாள். கடைசியில் மெல்ல இழுத்தாள்.

"அக்கா, எனக்குச் சரக்குத்தூள் வேணும். இஞ்ச ஒண்டும் கிடையாது."

"தபாலில போட்டு விடுறன்."

"அது வந்து சேர நாள் செல்லும். மணமும் போயிடும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கும் தூள் அது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, திப்பிலி எல்லாவற்றையும் வறுத்து அரைக்க வேண்டும். அது இல்லாமல் பிள்ளைப்பேறு முடிந்ததாகவே எங்கள் வீட்டில் கணக்கில்லை. என் தங்கை வாய் திறந்து ஒரு பொருள் கேட்கிறவளும் அல்ல. சின்ன வயதில் செருப்பு அறுந்தால்கூடச் சொல்லாமல் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். அப்படிப்பட்டவள் கேட்டுவிட்டாள். வேலையிடத்தில் மேலாளரோடு மல்லுக்கட்டி, வேறு ஆட்களின் ஷிப்டுகளைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு சனி, ஞாயிறை வாங்கினேன்.

வறுத்தபோது வீட்டுப் புகை அலாரம் கத்தியது. மாடிவீட்டுக்காரி இறங்கி வந்து, தும்மிவிட்டுப் போனாள். தூளைப் பத்திரமாகக் கொண்டு போக என்ன வழி என்று யோசித்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வெறும் பால்மா டின் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தூளை அமுக்கி நிரப்பி, மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப்பை ஒட்டினேன். ஒரு சுற்றோடு விட்டிருக்கலாம். நான் எதையும் ஒரு சுற்றோடு விடுகிறவள் அல்ல.

அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. டோவர் வரை தூக்கம். ஃபெரியில் ஏறியதும் பசி. யாரோ ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார், இடியப்பமும் சம்பலும் மணக்கும், முன்பின் தெரியாதவர்கள் "நீங்கள் ஊரில எவடம்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்த அன்ரி, மகனைப் பார்க்கப் போகிறவர். அவர் தந்த முறுக்கைத் தின்றுகொண்டே தங்கையின் கதையை எல்லாம் சொல்லி முடித்தேன்.

பிரான்ஸ் கரையில், கலேயில் பஸ்ஸை மறித்தார்கள். பெட்டிகளோடு எல்லோரும் இறங்கினோம். சுங்க அதிகாரி என் பையிலிருந்து டின்னை எடுத்தார், டேப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பால்மா டின்னைத் திறந்தால் உள்ளே மண்ணிறத்தில் தூள்.

"பேபி?" என்று டின்னில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்.

"நோ பேபி. மதர்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து, "மெடிசின்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கறித்தூள் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன். நாயைக் கொண்டுவந்தார்கள். அது மோந்து பார்த்து ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் பரிசோதிக்க வேண்டும் என்றார். வேண்டுமானால் டின்னோடு நிற்கலாம், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பின்னேரமே நான் திரும்ப வேண்டும். நின்றால் தூள் கிடைக்கும், தங்கையைப் பார்க்கக் கிடைக்காது. டின்னை விட்டுவிட்டு ஏறினேன்.

பாரிஸ் வரும்வரை அழுதேன். அவள் கேட்ட ஒரே ஒரு பொருளையும் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு போவது? "அழாதையுங்கோ பிள்ளை, அவங்களுக்கு என்ன தெரியும் திப்பிலியைப் பற்றி," என்று அன்ரி தேற்றிக்கொண்டே வந்தார்.

தங்கையின் கணவர் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். "தம்பி, வீட்டை பிறகு போவம். முதல் தமிழ்க் கடைக்கு. கிடைக்கிறதை வாங்கி நானே வறுத்து இடிக்கிறன்," என்றேன். மனுஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேசாமல் எங்கள் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரரிடம் மல்லியும் மிளகும் திப்பிலியும் கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா, சரக்குக்கோ? வறுத்து அரைச்சதே கிடக்கு. பெரிய பக்கெற்றோ, சின்னனோ?"

அவர் காட்டிய தட்டு முழுக்கச் சரக்குத்தூள். நான் தங்கையின் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா. வீட்டிலயும் ரெண்டு பக்கெற் கிடக்கு."

எனக்கு வந்த கோபத்தில் லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டிடத்தின் படிகளை மூச்சு விடாமல் ஏறினேன். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறி, கண் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் துணிச்சுருளுக்குள் பிள்ளை.

"கலேயில நாய் வந்து மோந்து பாத்தது, தெரியுமோடி? கள்ளக் கடத்தல்காரி மாதிரி நிண்டனான். இஞ்ச தெரு முழுக்கச் சரக்குத்தூள் விக்கிறான்!"

அவள் முதலில் சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"வா எண்டு கேட்டா நீ ஷிப்ட் எண்டுவாய். சாமான் வேணும் எண்டா எப்பிடியும் வருவாய் எண்டு தெரியும். அம்மாவும் இல்லாமப் பயமாக் கிடந்தது அக்கா."

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவினேன். பிறகு எழும்பிப் போய், அந்தப் பக்கெற் தூளிலேயே மீன் போட்டுச் சரக்குக் கறி வைத்தேன். தூள் சுமார்தான். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு பாரிஸில் நல்லெண்ணெய் கிடைக்காமல் போனது. முருங்கைக்காய் கிடைக்காமல் போனது. ஒரு முறை பனங்கட்டி, ஒரு முறை வெறும் மிளகாய்த்தூள். நான் ஒரு நாளும் குறுக்கே கேட்கவில்லை. ஷிப்டை மாற்றிவிட்டு விக்டோரியாவில் போய் வரிசையில் நின்றேன்.

இப்போது அவளிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. வசதியும் வந்துவிட்டது, ரயிலேறி வந்துவிட்டுப் போவாள். நான் அந்தப் பஸ்ஸில் ஏறிக் கனகாலம். ஃபோனில் பேசும்போது, ஏதாவது வேண்டுமா என்று நான் கேட்பேன்.

"ஒண்டும் வேண்டாம் அக்கா, இஞ்ச எல்லாம் கிடக்கு," என்பாள்.

நல்ல விஷயம்தான். ஃபோனை வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் அழுகை வரும்.