ஒரு வாசல், ரெண்டு கம்பி

வேலையில் உட்காரும் முன் அக்கா முதலில் தண்ணீர்க் குழாயைத் தொடுவார். இடது சுண்டுவிரலை மடக்கி, அதன் கணுவால் இரும்புக் குழாயில் ஒரு தட்டு. பிறகு அந்தக் கை எதன்மேலும் படாமல், நிறைகுடம் சுமப்பதுபோல நாலு எட்டு நடந்து மேசைக்கு வரும். அதற்கப்புறம்தான் சர்க்யூட் போர்டை எடுக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் குழாய் வழியே இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் சிப் செத்துப்போகும். நடுவில் யாராவது தோளைத் தொட்டுவிட்டால் ஒரு முறைப்பு. மறுபடியும் குழாய்.

மருத்துவமனைகளில் மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைக் காவல் காக்கும் சிறு கருவிகளைச் செய்கிற கம்பெனி அது. மொத்தம் பதினோரு பேர். பெட்டிக்குள் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் கருவி அலற வேண்டும். அதற்குள் ஓடும் புரோகிராம் முழுவதும் இவர் கைவண்ணம். நாற்பத்தாறு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. பட்டப்பெயர் 'ரெண்டு கம்பி அக்கா'. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே இந்தப் பாடம் உண்டு:

"ஒரு கம்பி தாளம் போடும், இன்னொண்ணு பேசும். எல்லா சிப்பும் இதே ரெண்டு கம்பியிலதான் தொங்கிட்டிருக்கும். கதவு நம்பர் சொல்லிக் கூப்பிட்டா அந்த வீட்டு ஆளு மட்டும் 'உம்' கொட்டணும். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. 'உம்' வரலையா, வீட்ல ஆள் இல்லைன்னு அர்த்தம்."

மற்றவர்கள் இந்த மாதிரி வேலையை சி மொழியில் எழுதுவார்கள். இவர் பிடிவாதமாக, மருந்துப் பெயர் கொண்ட எலிக்சிர் என்ற மொழியில்தான் எழுதுவார். மேலாளருக்கு அது ஆகாது.

"ஏம்மா, ஊரே சி-யில எழுதுது. நீ மட்டும் என்னமோ கஷாயம் காய்ச்சிட்டிருக்க."

"குடிச்சுப் பாருங்க சார், கசக்காது."

அந்த மொழியில் ஒரு மதிப்பை எழுதிவிட்டால் அது கல்லில் வெட்டியது. "எவனும் கொல்லைப்பக்கமா வந்து மாத்திட்டுப் போக முடியாது" என்பார், தன் வீட்டுப் பூட்டைப் பற்றிப் பேசுவதுபோல. ஆனால் கம்பிக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் குறுக்கே புகுந்து பேசலாம். அதனால் கம்பியின் தலைமாட்டில் ஒரு குட்டிப் புரோகிராமைக் காவலுக்கு நிறுத்தியிருப்பார். சென்சாரிடம் எதைக் கேட்பதானாலும் அதனிடம் வரிசையில் நின்றுதான் கேட்க வேண்டும். ஒரு வாசல், ஒரு காவலாளி.

வீட்டிலும் இதே சட்டம்தான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்களும், நகலகம் நடத்தும் கணவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தால் கரண்டியை உயர்த்திவிடுவார். "ஒருத்தர் முடிக்கட்டும், அப்புறம் அடுத்தவங்க." மாமியார் முணுமுணுப்பார்: "சோறு கேக்கக்கூட இந்த வீட்ல டோக்கன் எடுக்கணும்."

மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் இவருடைய கருவிகள் பன்னிரண்டு இருந்தன. பதினோரு மாதம் ஒரு குறையும் இல்லை. இன்னும் நாற்பது வாங்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான், மூன்றாம் மாடியில் குழந்தைகளின் தடுப்பு மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் கருவி அலறத் தொடங்கியது. திரையில் அறுபத்தொரு டிகிரி. அடுத்த நிமிடமே சமர்த்தாக நாலு. ஒன்பது நாளில் ஏழு தடவை. மருந்தகப் பொறுப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும், இல்லையென்றால் பன்னிரண்டையும் கழற்றிக்கொண்டு போகலாம்.

"கம்பி லூஸுன்னு சொல்லிடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேலாளர்.

அக்கா புதன்கிழமை காலையில் மருத்துவமனைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குளிர்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மதியம் இரண்டு மணி, டூட்டி மாறியது. புதிதாக வந்த நர்ஸ் அளவு பார்க்கத் திரையைத் தட்டினார். கருவி அலறியது. வெப்பம் அறுபத்தொன்று என்றது திரை. அதன் கீழேயே, ஈரப்பதம் அறுபத்தொன்று.

அக்காவின் காது சிவந்துவிட்டது.

ஈரத்தில் லேபிள் உரிகிறது, இந்தப் பெட்டியில் மட்டும் ஈரப்பதத்தையும் காட்டுங்களேன் என்று இரண்டு வாரம் முன்பு பொறுப்பாளர் கேட்டிருந்தார். புறப்படும் அவசரத்தில், காவலாளியிடம் போகாமல் திரையே நேராகக் கம்பியில் கேட்டுக்கொள்ளும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தவர் இவரேதான். வெப்பம், ஈரம் இரண்டையும் அளப்பது ஒரே சென்சார்; அதனிடம் முதலில் எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு பதிலை வாங்க வேண்டும். 'வெப்பம்' என்று ஒருவர் சொல்லி முடித்த அந்த இடுக்கில், திரை புகுந்து 'ஈரம்' என்றுவிட்டது. பதில் முதலில் கேட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டூட்டி மாறும் நேரத்தில்தான் திரையைத் தட்டுவார்கள், அப்போதுதான் அலறல்.

வெள்ளிக்கிழமை, பொறுப்பாளர் அறையில் மேலாளர் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "தப்பு என்னோடது சார். நான் வெச்ச சட்டத்தை நானே மீறிட்டேன்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பி லூஸுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனேம்மா."

"கம்பி பாவம் சார். சொன்னதைத்தான் செஞ்சுது."

திரையையும் காவலாளியின் வரிசையில் நிறுத்தித் திருத்திய புரோகிராமை அங்கேயே ஏற்றி, நர்ஸுகள் மூன்று பேரை விட்டுத் திரையைத் தட்டு தட்டென்று தட்டச் சொன்னார். அரைமணி நேரம். நாலு, நாலு, நாலு. நாற்பதுக்கும் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் மேலாளர் போனில் யாரிடமோ மார்தட்டிக்கொண்டிருந்தார்: "சாதாரண சி இல்லைங்க, எலிக்சிர்! நம்ம பொண்ணு எழுதுனது."

புதுக் கருவிகளை மாட்டப் போனபோதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்த ஏழு அலறலையும் எல்லோரும் பொத்தானை அமுக்கி அடக்கிவிட்டார்கள் என்றே அக்கா நினைத்திருந்தார். மூன்றாம் மாடியைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் அப்படி விடவில்லை. ஏழு தடவையும் பொறுப்பு நர்ஸிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கீழ்த்தளத்துக் குளிர்பெட்டிக்குத் தூக்கிப் போயிருக்கிறார். லிஃப்டுக்கு நின்றால் நேரமாகும் என்று படியில். அறுபத்தாறு படி.

"அடுத்த நிமிஷமே நாலுன்னு காட்டியிருக்குமேம்மா?" என்றார் அக்கா.

"காட்டுச்சு. ஆனா முதல்ல கத்துச்சுல்ல? உங்க பொட்டி சும்மா கத்தாதுன்னு நினைச்சேன்."

வேலை முடிந்தது. மேலாளர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.