முழுப் பூசணிக்காயும் இட்வல் பெய்னனும்

பன்றி இறைச்சியை மெல்லிய ஏடுகளாகச் சீவியபடியே இட்வல் பெய்னன் கேப்டனின் கண்ணைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிட்டார்.

"மொத சீசன்ல நீலக் கண்ணு. ஆறாவதுல பச்சை. நடிகரை மாத்திட்டாங்கன்னு ஊரே சொல்லுது. அட மடையங்களா, நடுவுல ஒரு தடவை நச்சுப் புயல்ல மாட்டினாரே, அது கண்ணைத் தாக்காதா?"

"தாக்கும், தாக்கும். எனக்குக் கால் கிலோ போதும்" என்றார் தபால்காரர் டெல்வின்.

அம்மன்ஃபோர்ட் ஊரில் இட்வலின் கறிக்கடைக்குப் போகிறவர்கள் கறியோடு 'விண்ணோடி'யையும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஐம்பது வருடங்களாகத் தொலைக்காட்சியில் பறந்துகொண்டிருக்கும் விண்கப்பல் அது. எழுதியவர்கள் மாறினார்கள், நடித்தவர்கள் மாறினார்கள், நேற்றுச் சொன்னதை இன்று மறந்தார்கள். மற்ற ரசிகர்கள் தப்பைக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். இட்வல் கத்த மாட்டார், தொங்கு மீசையைத் தடவியபடி ஒரு காரணம் சொல்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இட்வலுக்கு அது சோற்றின் அளவைப் பொறுத்த விஷயம். செத்த டாக்டர் மூன்று வருடம் கழித்து எழுந்து வந்தாரா? இரட்டைப் பிறவி. கப்பலின் இரும்புச் சுவர் அட்டைபோல ஆடியதா? "அந்தக் கிரகத்து இரும்பு கொஞ்சம் இளசு."

ஈரல் வாங்க வரும் க்ளெனிஸ் அம்மாள் அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூடப் பார்த்தவரில்லை. கதை முழுக்கத் தெரியும். இட்வலின் மனைவி நெஸ்டாவுக்கு வேறு மனத்தாங்கல். "கல்யாண நாளை மறந்துட்டு, நடுவுல காலம் வளைஞ்சிடுச்சுன்னு சொல்ற மனுஷனை என்ன பண்றது?"

புதிதாக வந்த சீசன்களில் நகைச்சுவை கூடிவிட்டது. கேப்டன் தன் அங்கி தடுக்கி விழுகிறார். அண்டத்தையே நடுங்கவைத்த எதிரித் தளபதிக்குப் பூனை ஆகாது, தும்முகிறார். இட்வலுக்கு இதில் கோபமில்லை, கவலைதான். "சிரிக்கட்டும், வேணாங்கல. ஆனா சிரிப்புக்கும் ஒரு முன்கதை வேணும்ல?" பழைய சீசன்களோடு ஒத்துப்போகிறதா என்று மனதுக்குள் சரிபார்த்துவிட்டுத்தான் அவர் சிரிப்பார். அதற்குள் அடுத்த காட்சியில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

போன சனிக்கிழமை வந்த கதையில் கெல்வோ கிரகத்து அருங்காட்சியகக் காவலர் ஒருவர் வந்தார். தொங்கு மீசை, கோடுபோட்ட மேலங்கி. சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம், கேப்டனின் கண் பச்சையானது நச்சுப் புயலால் என்று விளக்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் முதுகுக்குப் பின்னால் நழுவினார்கள். கடைசியில் காலி மண்டபத்தைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

நெஸ்டா சோபாவில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். கோப்பைத் தேநீர் பாதி மடியில். பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். இட்வல் சரிபார்த்து முடித்திருந்தார், சிரிக்கவில்லை.

"கார்டிஃப் ரசிகர் கூட்டத்துல இந்தக் கதையை எழுதினவன்கிட்ட நான் சொன்னது அது. ஒரு மணி நேரம் தலையாட்டிக் கேட்டான். அந்த மீசைக்காரன் நான்தானே?"

"சேச்சே, உனக்கு அவ்வளவு தொப்பை இல்ல, இட்வல்."

அவர் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே அதைப் பார்த்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் இறைச்சியைச் சீவினார் இட்வல். கண்ணைப் பற்றியும் இல்லை, டாக்டரைப் பற்றியும் இல்லை.

"குளிர் ஜாஸ்தி" என்றார் டெல்வின்.

"ஆமா."

இந்த மனிதர் ஒருநாளாவது வாயை மூட மாட்டாரா என்று ஏங்கியவர்கள்தான். மூடியதும் ஒருவராலும் தாங்க முடியவில்லை. கத்தி பலகையில் படும் சத்தம் சாவு வீட்டுச் சத்தம்போல இருந்தது.

கடைசியில் க்ளெனிஸ் அம்மாள்தான் தொண்டையைச் செருமினார். "இட்வல், ஒரு சந்தேகம். அந்த மியூசியத்து ஜன்னல்ல நிலா தெரிஞ்சுதே. கெல்வோ கிரகத்து நிலா மூணாவது சீசன்லயே வெடிச்சுப்போச்சுன்னு நீதானே சொன்னே?"

கத்தி நின்றது. "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்துத் தொலைச்சேன். எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

டெல்வின் பிடித்துக்கொண்டார். "அப்ப விஷயம் முடிஞ்சுது! இல்லாத நிலாவைக் காட்டியிருக்கான். அந்தக் கதையே செல்லாது. அந்த மீசைக்காரனும் செல்லாது. கணக்குலயே சேர்க்காதே, இட்வல். தூக்கிக் குப்பையில போடு."

வரிசையில் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். நல்ல வழிதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலி மண்டபமும் ஆட்டிய விரலும் நடக்கவே இல்லை என்றாகிவிடும். இட்வலுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"அதெப்படிப்பா?" என்றார் மெல்ல. "காட்டிட்டாங்கல்ல. காட்டினா நடந்ததுதான். பாவம், அவனும் அந்த அண்டத்துல ஒருத்தன்."

"அப்ப நிலா?"

தட்டிலிருந்து ஓர் ஆட்டுச் சிறுநீரகத்தை எடுத்துப் பலகை நடுவில் வைத்தார். "வெடிச்சுது, வாஸ்தவம். ஆனா எத்தனை துண்டாச்சுன்னு யாராவது சொன்னாங்களா?" ஒரே வெட்டில் அதைப் பிளந்து, பெரிய பாதியைக் கத்தி முனையால் க்ளெனிஸ் அம்மாளின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.